வீட்டு இங்க்ஜெட் பிரிண்டருக்கு ஃபைன் ஆர்ட் பேப்பர்: குமரி மாவட்டத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பிக்மென்ட் இங்க் பிரிண்டர் ஓடுகிறது. அதில் அடித்த படங்களைச் சுவரில் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள், போனில் கூப்பிட்டுக் கேட்பவர்கள், கல்யாண வீட்டில் கேமராவோடு நிற்கும் தம்பிகள் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பேப்பரைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது, நம்ம ஊர் உப்புக்காற்றும் மழையும் அதில் வராது. அதனால்தான் இது.

ஃபைன் ஆர்ட் பேப்பர் என்று எதைச் சொல்கிறார்கள்? கடையில் கிடைக்கும் போட்டோ பேப்பர் போதாதா?

ஸ்டுடியோவில் கழுவித் தரும் படத்தையும், கடையில் வாங்கும் நல்ல கிளாஸி (முழுப் பளபளப்பு), லஸ்டர் (அரைப் பளபளப்பு) போட்டோ பேப்பரையும் கையில் எடுத்துப் பாருங்கள், ஒரு பிளாஸ்டிக் தன்மை தெரியும். நடுவில் காகிதம், இரண்டு பக்கமும் பாலிஎதிலீன் பூச்சு. ஆர்சி (ரெசின் கோட்டட்) பேப்பர் என்பது இதைத்தான். ஃபைன் ஆர்ட் பேப்பரில் அந்தப் பிளாஸ்டிக் உறை கிடையாது. அடியில் இருப்பது பருத்தி நார், அல்லது நன்றாகச் சுத்திகரித்த மரக்கூழ் (ஆல்ஃபா செல்லுலோஸ் என்பார்கள்), அதன் மேல் இங்க்கைப் பிடித்து நிறுத்த ஒரு பூச்சு. அவ்வளவுதான்.

மரத்தில் லிக்னின் என்று ஒரு பொருள் உண்டு, வெயிலில் போட்ட செய்தித்தாள் சில நாளிலேயே மஞ்சளாவது அதனால்தான். பருத்தியில் அது கிட்டத்தட்ட இல்லை, நல்ல ஆல்ஃபா செல்லுலோஸ் தாளில் நீக்கிவிடுகிறார்கள். அமிலம் சேராமல் இருக்கக் கால்சியம் கார்பனேட்டும் சேர்க்கிறார்கள்.

போதுமா போதாதா என்றால், பிறந்தநாள் படத்துக்கும் ஆல்பத்துக்கும் ஆர்சி பேப்பரே போதும். சுவரில் வருஷக்கணக்கில் மாட்டப்போகிற படம், யாருக்காவது கொடுக்கப்போகிற படம், கண்காட்சிக்குப் போகிற படம் என்றால் ஃபைன் ஆர்ட் பக்கம் வாருங்கள்.

என்னிடம் இருப்பது ஆறு கலர் டேங்க் பிரிண்டர், டை இங்க். அதில் இந்தப் பேப்பர் ஓடுமா?

ஓடும். ஆனால் பேப்பர் வாங்கும் முன் யோசிக்க வேண்டிய முதல் விஷயமே இந்த இங்க்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

டை இங்க் என்பது சாயம் தண்ணீரில் கரைந்திருப்பது, பிக்மென்ட் இங்க் என்பது நிறமித் துகள் தண்ணீரில் மிதப்பது. சாயம் பூச்சுக்குள் இறங்கிவிடும், துகள் மேலே உட்காரும். எப்சன் எல்805, எல்8050, கேனன் புரோ-200 எல்லாம் டை. எப்சன் பி700, பி900, கேனன் புரோ-300 எல்லாம் பிக்மென்ட். டை இங்க்கைப் பளபளப்பில்லாத மேட் பருத்தித் தாளில் அடித்தால் படம் வரும், ஆனால் கறுப்பு சாம்பல் பூத்த மாதிரி நிற்கும், நிறமும் கொஞ்சம் அடங்கிப் போகும். அதே டை பிரிண்டரில் பரைட்டா (மெல்லிய பளபளப்புள்ள ஃபைன் ஆர்ட் தாள், கீழே விவரம்) அல்லது நல்ல லஸ்டர் தாளைப் போடுங்கள், பளிச்சென்று வரும். ஆகவே டை வைத்திருப்பவர்கள் விலை கூடிய மேட் பருத்தித் தாளில் கைவைக்கும் முன் ஒரு மாதிரித் தாளாவது வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று ஆயுள். டை இங்க்கை வெளிச்சம் மட்டுமல்ல, காற்றில் உள்ள ஓசோனும் தின்றுவிடும். கண்ணாடி போடாமல் திறந்தபடி மாட்டினால் சீக்கிரம் வெளிறும். பேப்பர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது சாயத்தைக் காப்பாற்றாது.

நாலு கலர் டேங்க் பிரிண்டர் சிலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்றும் டை. போட்டோ பேப்பர் என்று செட்டிங் கொடுத்தால் பல மாடல்கள் அந்தக் கறுப்பைத் தொடவே தொடாது, மூன்று நிறத்தைக் கலந்து கறுப்பு உண்டாக்கும். அந்தப் பிரிண்டருக்கு ஃபைன் ஆர்ட் பேப்பர் வேண்டாம், காசுதான் போகும்.

மேட் நல்லதா, பரைட்டா நல்லதா?

எந்தப் படத்துக்கு என்று திருப்பிக் கேட்பேன்.

பரைட்டா என்பது பேரியம் சல்பேட் கலந்த ஓர் அடுக்கு போட்ட தாள். உங்கள் வீட்டில் பாட்டாவும் பாட்டியும் 1960-களில் ஸ்டுடியோவில் நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், அந்தத் தாளும் இதே வம்சம்தான். பிளாஸ்டிக் பூச்சு போட்ட ஆர்சி தாள் பரவலானதெல்லாம் 1970-களில்தான். பரைட்டாவில் மெல்லிய பளபளப்பும் ஆழமான கறுப்பும் கிடைக்கும். மேட் தாளில் பளபளப்பே இராது, எந்தக் கோணத்தில் பார்த்தாலும் கண் கூசாது, ஆனால் கறுப்பு அவ்வளவு ஆழத்துக்குப் போகாது.

முட்டத்தில் சாயங்காலம், அலை வந்து போன கையோடு பாறை நனைந்து கன்னங்கரேலென்று மினுங்குகிறதே, அதை ஒரே நாளில் இரண்டு தாளிலும் அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேட் தாளில் பாறை இருந்தது, ஈரம் இல்லை. பாறையின் இடுக்குகளெல்லாம் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொண்டன. பரைட்டாவில் ஒவ்வொரு இடுக்கும் தனியாகத் தெரிந்தது, தண்ணீர் வழிந்த தடம் வெள்ளிக் கம்பி மாதிரி நின்றது. பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரையும் அப்படித்தான், தரையில் விழும் சன்னல் வெளிச்சத்தைக் காட்ட மேட் தாளால் முடியாது.

தோவாளை பூச்சந்தையில் விடியுமுன் எடுத்த பிச்சிப்பூக் குவியலுக்கோ மேட் பருத்தித் தாளைத் தவிர வேறொன்றை நான் நினைத்தும் பார்க்க மாட்டேன். தாளின் லேசான சொரசொரப்பு பூவிதழோடு சேர்ந்துவிடுகிறது. பூக்காரம்மா ஒருவர் அந்தப் பிரிண்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பூ மாதிரியே இருக்கே தம்பி, கசங்கிராதா?" என்று கேட்டார். ஒரு பேப்பரைப் பற்றி இதைவிட நல்ல சொல்லை நான் கேட்டதில்லை. பனிமூட்டம், சிதறால் மலையின் பாறைச் சிற்பம், வயசானவர்களின் முகம், பென்சில் ஓவியம் போன்ற மென்மையான படங்கள் எல்லாவற்றுக்கும் மேட்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: பிக்மென்ட் பிரிண்டர்களில் மேட் பிளாக், போட்டோ பிளாக் என்று இரண்டு கறுப்பு உண்டு. மேட் தாளுக்கு முதலாவது, பரைட்டாவுக்கும் லஸ்டருக்கும் இரண்டாவது. பேப்பர் வகையைச் சரியாகத் தேர்ந்தால் பிரிண்டர் தானாகவே மாற்றிக்கொள்ளும். சில பழைய மாடல்களில் ஒவ்வொரு முறை மாறும்போதும் கொஞ்சம் இங்க் வீணாகும், அதனால் மேட் வேலையை ஒரு நாள், பரைட்டா வேலையை ஒரு நாள் என்று சேர்த்து வைத்து அடியுங்கள்.

ஜிஎஸ்எம் கூடக்கூடத் தரமும் கூடுமா?

இல்லை. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜிஎஸ்எம். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் ஒன்று 5 கிராம் இருக்கும், 308 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் ஒன்று 19 கிராம் சொச்சம். கையில் பிடிக்கும்போது கனமும் விறைப்பும் தெரியும், இங்க் நிறைய குடித்தாலும் தாள் அலை அலையாகாமல் நிற்கும். நிறம் நன்றாக வருவதும் வராததும் பூச்சைப் பொறுத்தது. சாதாரணத் தாளில் பளபளவென்று பூச்சுப் போட்டு 260 ஜிஎஸ்எம் என்று விற்பதும் உண்டு, எடையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

உங்கள் பிரிண்டர் எவ்வளவு தடிமன் தாங்கும் என்று கையேட்டில் பாருங்கள். கனமான தாளை முன் டிரேயில் வைத்து உள்ளே வளைய விடாதீர்கள், பின்பக்கம் ஒவ்வொன்றாகக் கொடுக்கும் வழி இருந்தால் அதில் கொடுங்கள்.

தாள் எவ்வளவு வெள்ளையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதுதானே?

கடையில் அப்படித்தான் தோன்றும். கண்ணைப் பறிக்கும் நீல வெள்ளைத் தாளில் வெளுப்பூட்டி ரசாயனம் சேர்த்திருப்பார்கள். சலவைத் தூளில் வேட்டி பளிச்சிடப் போடுகிறார்களே, அதே வகை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சத்தை வாங்கி நீலமாகத் திருப்பிக் கொடுக்கும். காலம் போகப்போக அதன் சக்தி குறையும், அப்போது தாள் தன் சொந்த நிறத்துக்குத் திரும்பும், நமக்கு மஞ்சளித்த மாதிரி தெரியும். வீட்டுக்குள் எல்இடி விளக்கில் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு, அங்கே அந்த வெள்ளை வேலையே செய்யாது. வாசலில் ஒரு நிறம், கூடத்தில் ஒரு நிறம் என்று குழம்புவது இதனால்தான்.

கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டறையில் தாளின் மேல் அடித்துப் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் வெளுப்பூட்டி நிறைய இருக்கிறது, மங்கலாகக் கிடந்தால் இல்லை. நான் சுவருக்குப் போகும் படங்களுக்கு வெளுப்பூட்டி இல்லாத, அல்லது மிகக் குறைவாக உள்ள தாளையே எடுக்கிறேன். முதலில் கொஞ்சம் பழுப்பாகத் தெரியும், இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

நம்ம ஊர் ஈரத்தில் இந்தத் தாள்கள் தாங்குமா?

தாங்கும், நாம் பார்த்துக்கொண்டால். இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி தொடங்கினால் சாரல் விட்டு விட்டு அடிக்கும், அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை. இந்தத் தாள்களை வைத்திருக்க 40-லிருந்து 60 சதவீதம் வரை ஈரப்பதம் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. என் அறையில் மழைநாளில் மீட்டர் 80-ஐத் தாண்டும். பருத்தித் தாளுக்கு மேலே பிளாஸ்டிக் உறை இல்லையே, வேட்டி மாதிரி ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் ஓரம் உப்பி அலை அலையாகும்.

தொடங்கிய வருஷம் ஒரு ஆடி மாதம், பிரித்த பாக்கெட்டை மேசை மேல் இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஏ3 தாள் ஒன்றைப் போட்டு அடித்தபோது, தாளின் ஓரம் மேலெழும்பி, இங்க் தெளிக்கும் பிரிண்ட் ஹெட்டில் உரசியது. கர் கர் என்ற சத்தம் கேட்டு ஓடிவருவதற்குள் வானம் முழுக்கக் கறுப்புக் கோடு. தாள் போனதுகூடப் பரவாயில்லை, ஹெட்டுக்கு என்ன ஆயிற்றோ என்று அன்றைக்குப் பட்ட பயம் இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து செய்வது இது. தாளை வந்த பிளாஸ்டிக் உறையிலேயே வைத்து, அதை மூடி இறுகும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் படுக்கை வசமாக வைக்கிறேன், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சமையல் வாணலியில் போட்டு வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள், அந்த நீலம் கோபால்ட் உப்பு, வயிற்றுக்குள் போகக் கூடாதது. ஆரஞ்சு நிறத்தில் வரும் ஜெல்லை வாங்குங்கள். பெட்டியைத் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காமல் அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள், கரையானும் ராமபாணப் பூச்சியும் தாளைத் தேடி வரும்.

அடிக்கிற அன்றைக்குத் தேவையான தாளை மட்டும் எடுங்கள். ஏசி அறையில் இருந்தால் அரைமணி நேரம் அங்கேயே கிடக்கட்டும். ஓரம் லேசாக வளைந்திருந்தால் எதிர்ப்பக்கமாக மெதுவாக வளைத்துச் சரிசெய்துவிட்டு, பிரிண்டர் டிரைவரில் (கம்ப்யூட்டரில் பிரிண்ட் செட்டிங் கொடுக்கும் மென்பொருள்) தடித்த தாள் என்ற செட்டிங்கைப் போட்டால் ஹெட் கொஞ்சம் உயர்ந்துகொள்ளும். ஜோரென்று மழை கொட்டும் நாளில் பெரிய பிரிண்ட் எதையும் நான் தொடுவதில்லை.

எந்தப் பக்கம் அடிப்பது என்று எப்படித் தெரியும்?

மேட் தாளில் இது உண்மையிலேயே குழப்பும். ஒரு மூலையை லேசாக நனைத்த விரலால் தொடுங்கள், பிசுக்கென்று ஒட்டும் பக்கம்தான் பூச்சுள்ள பக்கம். மற்றப் பக்கம் பெரும்பாலும் கொஞ்சம் பழுப்பாகவும் இருக்கும். தப்பான பக்கத்தில் அடித்தால் இங்க் பரவி, பழைய துணியில் மை கொட்டியது போலாகும்.

அடிக்கும் முன் பருத்தித் தாளை ஒரு மெல்லிய தூரிகையால், சும்மா பட்டும் படாமல் துடைப்பது போல, ஒருமுறை தட்டிவிடுங்கள். பருத்தித் தூசி மேலே இருந்தால் அதன்மேல் இங்க் விழும், பிறகு தூசி உதிர்ந்ததும் கருத்த வானத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும். தாளை ஓரத்தில் பிடியுங்கள், வியர்வைக் கை நடுவில் படவே கூடாது.

கம்ப்யூட்டரில் பார்த்த நிறம் தாளில் வரவில்லையே?

ஒவ்வொரு பேப்பருக்கும் ஒவ்வொரு பிரிண்டருக்கும் தனித்தனியாக ஐசிசி புரொஃபைல் என்று ஒரு கோப்பு உண்டு. இந்தத் தாளில் இந்த இங்க் எப்படி விழும் என்ற கணக்கு அதில் இருக்கும். பேப்பர் கம்பெனிகள் தங்கள் தளத்தில் இலவசமாகவே தருகிறார்கள், உங்கள் மாடலுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பேப்பரை வாங்குங்கள். போட்டோஷாப்பிலோ லைட்ரூமிலோ அதைத் தேர்ந்தெடுத்தால், பிரிண்டர் டிரைவரில் உள்ள நிறத் திருத்தத்தைக் கட்டாயம் நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்து திருத்தினால் முகமெல்லாம் சிவந்துபோகும். எந்தப் பேப்பர் வகையைத் தேர்வது என்பதும் புரொஃபைலோடு வரும் குறிப்பில் எழுதியிருக்கும், இங்க் எவ்வளவு விழ வேண்டும் என்பதை முடிவுசெய்வது அதுதான்.

படம் இருட்டாக வருகிறது என்றால் பத்தில் எட்டு முறை திரையின் வெளிச்சம் கூடிப்போனதுதான் காரணம். திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது நிறத்தைப் பற்றி முடிவெடுக்காதீர்கள், ஒரு மணி நேரம் கழித்து, சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள்.

புதுச்சேரியில் செய்யும் கைக்காகிதம், டிராயிங் ஷீட் இதிலெல்லாம் அடிக்கலாமா?

அழகான தாள்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் இங்க்ஜெட்டுக்கான பூச்சு இல்லை. இங்க் நாருக்குள் ஓடிவிடும், கோடு மழுங்கும், நிறம் மங்கும். தூசும் உதிர்ந்து பிரிண்டருக்குள் போகும். அந்தத் தாளைப் படத்தின் மேலுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கம்பெனி? முதலில் எதை வாங்குவது?

ஜெர்மனியின் ஹானமூலே 1584-லிருந்தும், பிரான்சின் கான்சன் 1557-லிருந்தும் காகிதம் செய்கிறார்கள். ஹானமூலேயின் போட்டோ ராக் 308 ஜிஎஸ்எம், முழுப் பருத்தி, மேட். கான்சனின் ராக் போட்டோகிராஃபிக் 310 ஜிஎஸ்எம், அதுவும் முழுப் பருத்தி, மேட். பளபளப்புப் பக்கம் ஹானமூலேயின் போட்டோ ராக் பரைட்டா, கான்சனின் பிளாட்டின் ஃபைபர் ராக். ஒரு தாளின் விலையில் சாதா கிளாஸி ஒரு பாக்கெட்டே வாங்கிவிடலாம், அதனால் முதலிலேயே ஏ3+ பெரிய பெட்டி வாங்காதீர்கள். ஒவ்வொரு வகையிலும் இரண்டு தாள் வைத்த ஏ4 மாதிரிப் பாக்கெட்டுகள் வருகின்றன. அதை வாங்கி, ஒரே படத்தை எல்லாவற்றிலும் அடித்து, பின்னால் பென்சிலால் பேப்பர் பெயரை எழுதி வைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு மேட், ஒரு பரைட்டா, இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் வேலை செய்யுங்கள். மாதத்துக்கு ஒரு பேப்பர் மாற்றுகிறவர்களுக்கு எந்தப் பேப்பரும் வசப்படுவதில்லை, இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

போனில் எடுத்த படத்தை அடிக்கலாமா?

தாராளமாக. ஏ4 முழுக்க நிறைய 300 பிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) 2480-க்கு 3508 பிக்சல் போதும், இன்றைய போன்கள் எல்லாமே தாண்டிவிடும். மேட் தாளில் 240 இருந்தாலே யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த படத்தை மட்டும் கொண்டுவராதீர்கள், அது சுருங்கியிருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

சட்டம் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நல்ல பேப்பரில் அடித்த படங்கள் பாழாவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு கடையில் என் படத்தைப் பிளைவுட்டில் பசை தடவி ஒட்டிக் கொடுத்தார்கள், அடுத்த மழைக்காலத்தில் பழுப்புத் திட்டாகப் பசை மேலே வந்துவிட்டது. ஒட்டவே விடாதீர்கள். மேல் இரண்டு மூலையில் மட்டும் அமிலமில்லாத காகிதப் பட்டையால் தொங்கவிட்டு, மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டை) வைத்து, கண்ணாடி படத்தில் படாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஒட்டிய பிரிண்ட் ஈரத்தில் அப்படியே பிடித்துக்கொள்ளும், பிரித்தால் தோல் உரிவது போல் உரியும். அடித்து ஒரு நாளாவது ஆறவிட்டுத்தான் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்க்கிலிருந்து வரும் ஆவி உள்பக்கம் புகையாகப் படியும்.

மழைத் தண்ணீர் ஊறும் மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்னால் கீழ் மூலையில் இரண்டு சின்ன ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் காற்று போகும், பூஞ்சை பிடிக்காது.

பாட்டாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து திரும்ப அடிக்க எந்தப் பேப்பர்?

வெளுப்பூட்டி இல்லாத பரைட்டா. பெரிதாக்க வேண்டும் என்ற ஆசை வரும், முதலில் பழைய படத்தின் அதே அளவில், ஏ4 தாளின் நடுவில், சுற்றிலும் வெள்ளை விட்டு ஒன்று அடியுங்கள். பிக்மென்ட் பிரிண்டர் என்றால் டிரைவரில் உள்ள கறுப்பு வெள்ளை முறையைத் தேர்ந்தெடுங்கள், பச்சையோ சிவப்போ தட்டாது. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதன் பழுப்பு எந்த அளவோ அந்த அளவுக்கு மட்டும் பழுப்புச் சாயலை ஏற்றுங்கள். அம்மாவுக்குக் கொடுக்கும் முன் பின்பக்கம் பென்சிலால் பாட்டாவின் பெயர், ஊர், படம் எடுத்த வருஷம் தெரிந்தால் அதுவும் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வரும்.